கிழக்கு ஜன்னலும் ஐந்து மீன்களும்

2024 மே மாதம் 9-ஆம் தேதி, வியாழக்கிழமை. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டி வைத்தேன். என் கணவரின் அம்மாவான மாமிக்குக் கடுங்காப்பியும் எனக்குப் பால் டீயும் போட்டேன். முதல் நாள் துவைத்த துணிகளை மடித்து அலமாரியில் அடுக்கினேன். பிறகு கூடத்துக்கு வந்து மீன்தொட்டியின் விளக்கைப் போட்டு, உள்ளே தொங்கும் வெப்பமானியைப் பார்த்து, டைரியில் 30 என்று குறித்தேன். தீனி டப்பாவின் மூடியால் அளந்து பாதி மூடித் தீனி போட்டேன். தீனி தீரும்வரை நின்று பார்த்தேன். என் கணவர் இருந்தபோது இதையெல்லாம் அவர் செய்வார், நான் பள்ளிக்கூடத்து அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். பிப்ரவரியில் அவர் இறந்ததிலிருந்து நான் எங்கும் கிளம்புவதில்லை. இத்தாவில் இருந்தேன்.

கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் காலம் இத்தா. அந்நிய ஆண்களின் முன்னால் வரக்கூடாது, அலங்காரம் கூடாது. அவசியம் என்றால் பகலில் வெளியே போகலாம் என்று மார்க்கக் கிதாபில் இருப்பதாக என் தங்கை கோயம்புத்தூரிலிருந்து போனில் சொல்வாள். மீமிசலில் எங்கள் தெருவில் அப்படிப் போனவர்கள் யாரும் இல்லை. நானும் போக நினைக்கவில்லை. நோன்பும் பெருநாளும் உள்ளேயே கழிந்தன. கூடம், படுக்கையறை, அடுப்படி, கொல்லை என்று நான்கு இடங்கள் இருந்தன. கொல்லையிலும் பக்கத்து வீட்டு மாடியில் ஆள் நின்றால் உள்ளே வந்துவிட வேண்டும். கூடத்தின் கிழக்கு ஜன்னல் தெருவைப் பார்த்தது. எதிரே டீக்கடை, அதன் பெஞ்சில் எந்நேரமும் நான்கு பேர். அவர் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்த அன்றே யாரோ ஒரு பெண்மணி அந்த ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அதற்குப் பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை.

அந்த ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரோரம் தொட்டி. மூன்றடி நீளம், நூற்றைம்பது லிட்டர் தண்ணீர், இரும்பு ஸ்டாண்டு. என் கணவர் வெளிநாட்டில் இருபது வருடத்துக்கு மேல் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர். ஊரோடு வந்த பிறகு வீட்டில் ஏ.சி. மாட்டவில்லை. கேட்டால், 'கடக்காத்து ஓசியில வருது, ஜன்னலைத் தெறந்து வையி' என்பார். அதற்குப் பதில் மீன்தொட்டி வாங்கினார். நான்கு தங்கமீன்கள், அடியில் ஒட்டிக் கிடக்கும் சக்கர் மீன் ஒன்று. தங்கமீன்களில் பெரியதற்கு வால் ஒரு பக்கம் கிழிந்திருக்கும். ஒன்று முழு வெள்ளை. மற்ற இரண்டும் ஆரஞ்சு நிறம், எது எது என்று எனக்கு இன்றும் குழப்பம்.

தீனி போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நாத்தனார் வீட்டுக்காரருக்கு ஐஸ் வியாபாரம். படகுகளுக்கும் மீன் லாரிகளுக்கும் ஐஸ் போடுகிறவர் என்பதால் எங்கள் வீட்டுக்கு ஏதாவது மீன் வந்துவிடும். அன்று சங்கரா. இரண்டாவது மீனைச் செதில் எடுக்கும்போது கூடத்தில் மின்விசிறி நின்றது. அதோடு தொட்டியின் காற்று மோட்டாரும் வடிகட்டியும் நின்றன. அவை ஓடும்போது அந்தச் சத்தம் என் காதில் விழுவதே இல்லை. நின்றபோதுதான் கேட்டது.

சாதாரண மின்வெட்டு என்று நினைத்தேன். நாத்தனார் பின்வாசல் வழியாக வந்து சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. என் கணவரின் தங்கை அவள், அடுத்த வீட்டில் இருக்கிறாள்.

"இன்னிக்கு மாசாந்தர கரண்ட் கட்டுல்ல மதினி. ஒம்பது மணிலேர்ந்து சாயந்தரம் அஞ்சு வரைக்கும். பேப்பர்ல போட்டிருந்துச்சே."

"பேப்பர் நம்ம வீட்டுக்கு வரலையே."

"ஆமா, அது எங்க வீட்லதான் கெடக்கு. அவுக படிச்சதும் கொண்டாரலாம்னு வச்சேன், அப்புறம் அதுலதான் கருவாட்டைச் சுத்துனேன்."

முன்பெல்லாம் பேப்பர் எங்கள் வாசலில்தான் விழும். பேப்பர் போடுகிறவர் கதவைத் தட்டக்கூடாது என்பதற்காக அதையும் அடுத்த வீட்டுக்கு மாற்றியிருந்தார்கள். இன்வெர்ட்டர் இருந்தது, ஆனால் பேட்டரி போய்விட்டது. மாற்ற ஆள் வந்தால் கூடத்தில் வெகுநேரம் வேலை செய்வார், இத்தா முடியட்டும் என்று மாமி சொல்லியிருந்தார். நான் படுக்கையறையில் இருந்துகொள்கிறேன் என்று ஒருமுறை சொன்னேன். 'இப்ப என்னாத்தா அவசரம்' என்றார்.

முன்கூட்டித் தெரிந்திருந்தால் காலையில் தீனி போட்டிருக்க மாட்டேன். தின்ற மீனுக்குக் காற்று அதிகம் தேவைப்படும். மின்தடை நாளில் மீன்களைப் பட்டினி போடுவது என் கணவரின் வழக்கம். கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. மேலே கான்கிரீட் தளம், ஜன்னல் சாத்திய கூடம். 'சூடு ஏற ஏறத் தண்ணியில காத்து நிக்காது' என்று அவர் சொல்வார். மீன் சூட்டில் சாவதற்கு முன்னால் மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்பார். ஏ.சி. மெக்கானிக் பேச்சு என்று நான் அப்போது சரியாகக் காது கொடுக்கவில்லை. கேட்டது மட்டும் நினைவில் இருந்தது.

தொட்டியின் மூடியைக் கழற்றினேன். விளக்கை எடுத்தேன். செல்லில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் ஒன்று மேஜை இழுப்பறையில் இருந்தது. உள்ளே கிடந்த பெரிய செல் இரண்டும் பொங்கி வெள்ளை பூத்திருந்தன. சுவர்க்கடிகாரத்துச் செல்லைக் கழற்றி வைத்துப் பார்த்தேன், உள்ளே ஆடியது. கடிகாரத்தில் திரும்பப் போட்டேன், அதுவும் ஏனோ ஓடவில்லை. இந்தக் காலத்து டார்ச்சுகள் எல்லாம் சார்ஜ் போடுகிறவை. பெரிய செல் வீட்டில் ஒன்றும் இல்லை.

"நான் போயி வாங்கியாறேன்" என்றாள் நாத்தனார். "ஆனா சாயந்தரம் யாசீன் ஓத ஆளு வாராக, அதையும் பாக்கணும். ஹாலைக் கூட்டி ஜமுக்காளம் விரிக்கணும். மீனுங்களை ஒரு பக்கமா ஒதுக்குங்க."

"தொட்டியைத் தண்ணியோட நகத்தக் கூடாது. வெடிச்சுரும்."

"நீங்களும் வெளிய போகக்கூடாது, அதுவும் நகரக்கூடாது. மீனுங்களும் ஒங்களோட சேந்து இத்தா இருக்குதுங்க மதினி."

சிரித்துவிட்டுப் போனாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

வெப்பமானி 31 காட்டியது. மீன்கள் இன்னும் நடுத்தண்ணீரில்தான் இருந்தன. ஒரு ஜக்கை எடுத்து, தொட்டியிலிருந்தே தண்ணீர் மோந்து, ஒரு முழ உயரத்திலிருந்து மெல்லிய தாரையாகத் திரும்ப ஊற்றினேன். தண்ணீர் மேல்மட்டத்தில் குமிழி கிளம்ப வேண்டும், அதே சமயம் மீன்கள் மிரளக்கூடாது. மோந்து ஊற்றுவதும் நிறுத்துவதுமாக இருந்தேன். துவாலைகளை நனைத்துத் தொட்டியின் பக்கக் கண்ணாடிகளில் ஒட்டினேன். குளியலறையோரம் நிழலில் நீல டிரம் ஒன்றில், தண்ணீர் மாற்றுவதற்காகப் பிடித்து வைத்த தண்ணீர் இருந்தது. ஒரு வாளி எடுத்து வெப்பமானியை அதில் முக்கிப் பார்த்தேன். 29. அதிலிருந்து ஒரு ஜக்கு ஊற்றி, தொட்டியிலிருந்து ஒரு ஜக்கு எடுத்தேன். சிறிது நேரம் விட்டு மறுபடி ஒரு ஜக்கு. ஒரே வாளியாகக் கொட்டினால் அந்த இரண்டு டிகிரியும் மீனுக்கு அடிதான்.

மாமி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மூட்டுவலி, ரொம்ப நேரம் நிற்க மாட்டார்.

"எம் மவன் மீனு வாங்குன கடைக்காரன் நம்பரு போன்ல இருக்குமா?"

இருந்தது. அறந்தாங்கியில் கடை. நான் அந்நிய ஆணோடு பேசுவது சரியில்லை என்று மாமியே போனைப் பிடித்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் தள்ளி நின்றேன்.

"தம்பி, மீமிசல்லேர்ந்து பேசுறேன். கரண்ட் இல்ல, மீனுக்கு மூச்சு முட்டுது."

"இங்கயும் போன் அடிச்சுக்கிட்டேதான்மா இருக்கு. தீனி போடாதீங்க."

மாமி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "போட்டாச்சுப்பா."

"சரி, மூடியைத் தெறந்து வைங்க. தண்ணியை மோந்து மோந்து ஊத்துங்க."

"ஊத்திக்கிட்டுத்தான் இருக்கு."

"ரூம்ல ஜன்னல் இருந்தா நல்லாத் தெறந்து விடுங்கம்மா. வெளிக்காத்து வந்தாப் பாதிச் சூடு கொறைஞ்சிரும்."

மாமி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜன்னலைத் தெறக்க முடியாதுப்பா."

"ஏம்மா, துருப் புடிச்சிருச்சா?"

"ஆமா, துருதான்" என்றார் மாமி.

போனை வைத்த பிறகு இருவரும் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் உச்சிவேளைக்கு முன்பே கடல்காற்று கிளம்பிவிடும். நேர் கிழக்கிலிருந்து வரும். சாத்திய பலகைகளின் இடுக்கில் அது விசில் போல நுழைவது கேட்டது. டீக்கடைப் பெஞ்சில் யாரோ பேப்பர் பறக்கிறது என்று சொல்வதும் கேட்டது.

மாமியை நான் குறை சொல்லவில்லை. மகனைப் பறிகொடுத்தவர். மருமகளைப் பற்றித் தெருவில் ஒரு சொல் வந்துவிடக்கூடாது என்பது அவருக்கு மிச்சமிருந்த ஒரே காவல் வேலை. சோறு இறங்காத நாட்களிலும் அவர் அந்தத் தாழ்ப்பாளை மட்டும் தினம் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார்.

உச்சிவேளை லுஹர் பாங்கு சொல்லும்போது வெப்பமானி 33. பெரிய மீன் மேலே வந்துவிட்டது. வாயை மேல்மட்டத்தில் வைத்துச் சப்பத் தொடங்கியது. வெள்ளை மீன் வலது மூலையில் தலையை மேல்நோக்கித் தூக்கி நின்றது, செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சக்கர் மட்டும் அவ்வப்போது அம்பு போல மேலே போய் ஒரு வாய் காற்று எடுத்துக்கொண்டு அடிக்குத் திரும்பியது. என் வலது தோள் வலித்தது. இடக்கைக்கு மாற்றினால் தாரை சரியாக விழவில்லை.

கைகால் கழுவி ஒது செய்து படுக்கையறையில் தொழ நின்றேன். தொழுகையின் நான்கு ரக்அத் சுற்றுகளில் இரண்டாவதில் பின்கதவு திறந்தது. நாத்தனாரின் குரல்.

"மாமு கடையிலயும் இல்லம்மா, அந்தப் பெரிய செல்லு இப்பல்லாம் வர்றதில்லையாம். அதான் நம்ம கம்பெனிலேர்ந்து ஐஸ் கொண்டாந்தேன். மதினி எங்க?"

"தொழுவுது" என்றார் மாமி.

"சரி, நானே போட்டுர்றேன். பாவம், மீனு எப்புடிக் கெடக்கு பாரு."

தொழுகையில் நின்றேன். உதடு ஓதிக்கொண்டிருந்தது. காது கூடத்தில் இருந்தது. தொபுக்கென்று ஒரு சத்தம். இன்னொன்று. தொட்டித் தண்ணீர் தரையில் சிதறியது. சலாம் கொடுத்து முடிக்கும்வரை இன்னும் இரண்டு ரக்அத்துகள் இருந்தன. ஒரு தொழுகை இத்தனை நீளமாக இருந்ததை நான் வாழ்நாளில் கண்டதில்லை. உயிரைக் காப்பாற்றத் தொழுகையை விடலாம் என்று பிறகு படித்தேன். அப்போது தோன்றவில்லை. குனிந்தேன், நிமிர்ந்தேன், நெற்றியைத் தரையில் வைத்தேன். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில்தான் முடிந்தது.

வந்து பார்த்தபோது செங்கல் அளவு ஐஸ்கட்டிகள் இரண்டு வலது மூலையில் மிதந்தன. வெள்ளை மீன் நின்ற மூலை அது. நான் கையை விட்டு ஐஸை எடுத்து வாளியில் போட்டேன். அந்த மூலையில் வெப்பமானியை முக்கினேன். 26. இடது பக்கம் இன்னும் 32. வெள்ளை மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நேராகி, மறுபடி சாய்ந்தது.

"என்ன மதினி, எடுத்துட்டீங்க? குளுகுளுன்னு இருக்கட்டும்னு போட்டேன்."

"சூட்டுலேர்ந்து ஒரேடியாக் குளுந்தா தாங்காதும்மா."

"தாங்காதா? ஐஸ்லதானே மீனு நல்லா இருக்கும்?"

"அது செத்த மீனு."

இந்தக் கரையில் பிறந்த யாரும் செய்யக்கூடிய காரியம்தான் அது. மீன் என்றால் ஐஸ். படகு கரை அடைந்ததும் முதல் கேள்வியே ஐஸ் எவ்வளவு என்பதுதான். உயிரோடு இருக்கும் மீனைப் பற்றி நினைத்துப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. வெயிலில் ஐஸைச் சுமந்து ஓடி வந்ததில் அவள் முக்காடெல்லாம் நனைந்திருந்தது.

அந்த ஐஸை வீணாக்கவில்லை. தண்ணீர் பாட்டில்கள் இரண்டில் உடைத்துப் போட்டு இறுக மூடித் துணி சுற்றி, இடது பக்கம் ஒன்றை மட்டும் மிதக்க விட்டேன். வெப்பமானி அரை டிகிரி இறங்கியதும் எடுத்துவிடுவேன், சிறிது நேரம் கழித்து மறுபடி விடுவேன். நாத்தனார் ஜக்கை வாங்கி மோந்து ஊற்றத் தொடங்கினாள். அவள் தாரை என்னுடையதைவிட நன்றாக விழுந்தது. 31-க்குச் சற்று மேலே நிறுத்தி வைத்தோம். வெள்ளை மீன் மட்டும் தேறவில்லை. அடியில் போய்க் கூழாங்கல் மேல் சாய்ந்து கிடந்தது.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் வரத் தொடங்கினார்கள். வியாழக்கிழமைதோறும் என் கணவருக்காகக் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓத வருகிறவர்கள், பத்துப் பன்னிரண்டு பேர். நாத்தனார் துவாலைகளை எடுத்துவிட்டு வழக்கம்போல் வெள்ளை விரிப்பை எடுத்துத் தொட்டியின் மேல் போர்த்தினாள். ஓதும் இடத்தில் மீன் அங்குமிங்கும் ஓடினால் கண் அதன் பின்னால் போய்விடும் என்பதற்காக முதல் வியாழனிலிருந்து செய்கிற ஏற்பாடு. மின்சாரம் இருந்த நாட்களில் அதனால் ஒன்றும் ஆகவில்லை.

"இன்னிக்கு வேணாமே" என்றேன்.

"கொஞ்ச நேரந்தான் மதினி. சபையில மூடிகூட இல்லாமத் தெறந்த தொட்டியா நிக்குது, என்ன நெனப்பாக?"

முதல் ஆள் உள்ளே வந்து ஸலாம் சொல்லிவிட்டார். அதற்கு மேல் பேச முடியவில்லை. வந்தவர்களின் நடுவே, சுவரில் சாய்ந்து, எனக்கென்று விரித்த பாயில் உட்கார்ந்தேன். கிதாபுகள் கை மாறின. அறையில் ஆள் கூடக்கூட வெக்கை ஏறியது. எல்லோரிடமும் துணிக்கடையில் கொடுத்த அட்டை விசிறியோ பனையோலை விசிறியோ இருந்தது. ஓதத் தொடங்கியதும் விசிறிகளை மடியில் வைத்தார்கள். முக்காட்டுக்குள் வேர்வை ஓடியது. ஜன்னல் இடுக்கில் கடல்காற்று விசில் அடித்துக்கொண்டிருந்தது. அது என்னிடமிருந்து எட்டடி தூரம்.

நானும் ஓதினேன். ஓதுவதற்கு நடுவே விரிப்பின் அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. சப், சப், சப். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, அப்புறம் மூன்று வாய்கள். எண்ணக்கூடாது என்று நினைத்தும் எண்ணினேன். எழுந்துபோய் ஒரு ஜக்கு ஊற்றினால் போதும். சபை நடுவில் இத்தாவில் இருக்கிறவள் எழுந்துபோய் மீனுக்குத் தண்ணீர் ஊற்றினால் அடுத்த வியாழன்வரை அதுதான் பேச்சு. மாமி நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கேட்கிறது என்பது அவர் விரல் தஸ்பீஹ் மணியில் நின்றுவிட்டதிலிருந்து தெரிந்தது.

ஓதி முடித்தார்கள். துஆ என்ற வேண்டுதல் தொடங்குமுன் ஒரு சின்ன அமைதி விழுந்தது. அதில் சத்தம் நன்றாகக் கேட்டது.

"யாருடி அது வெத்தலை மெல்றது?" என்றார் மூத்த பெண்மணி ஒருவர். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தவர், எல்லோருக்கும் அவரிடம் பயம்.

எல்லோரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள்.

"மீனு" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாக இருந்தது. எழுந்துவிட்டேன். "கரண்ட் இல்லைங்க. மூச்சு முட்டுது." நடந்துபோய் விரிப்பை இழுத்தேன்.

பெரிய மீனும் ஆரஞ்சு மீன்கள் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து ஒரே மூலையில் நெருக்கியடித்து நின்றன. வெப்பமானி 33 தாண்டியிருந்தது. ஜக்கை எடுத்து ஊற்றத் தொடங்கினேன். அவசரத்தில் தாரை வளைந்து வளைந்து விழுந்தது. மூத்தவர் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் எழுந்து கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"இதுக்கு என்ன வேணும்? காத்துத்தானே?"

"ஆமாங்க."

"அப்ப மடியில விசிறியை வச்சுக்கிட்டு என்னடி எல்லாரும் உக்காந்திருக்கீங்க?"

அப்புறம் நடந்தது எனக்கு இப்போதும் நம்ப முடியாத காட்சி. தொட்டியைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் நின்று தண்ணீரின் மேல் விசிறினார்கள். மேல்மட்டம் சிலிர்த்துச் சிற்றலை ஓடியது. நாத்தனார் என் கையிலிருந்து ஜக்கை வாங்கிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரு கடல்லேர்ந்து வந்தாக்கூட நான் இப்புடி வீசுனதில்ல" என்றார் ஒரு பெண்.

"ஒம் புருசனும் வாயைத் தெறந்துக்கிட்டு நின்னா வீசுவே" என்றார் மூத்தவர். "வீசுங்கடி. துஆவை நின்னுக்கிட்டே கேப்போம்."

நின்றபடியே கேட்டார்கள். ஒரு கை ஏந்தியிருந்தது, ஒரு கை விசிறியது. மின்சாரம் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. பொழுது சாயும் மஃரிபுக்குச் சற்று முன்னால் வந்தது. மோட்டார் குமிழி விட்டதும் ஆரஞ்சு மீன்கள் முதலில் கீழே இறங்கின. பெரியது கடைசியாக இறங்கியது. வெள்ளை மீன் கூழாங்கல் மேலேயே கிடந்தது. கரண்டியால் தொட்டேன், அசையவில்லை.

எல்லோரும் போன பிறகு நாத்தனார் அதை ஒரு கிண்ணத்தில் எடுத்தாள். பூனைக்குப் போடலாமா என்று கேட்க வாயெடுத்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். கொல்லையில் முருங்கையடியில் குழி தோண்டி அவளே புதைத்தாள். மேலே கல் ஒன்றும் வைத்தாள். திரும்பி வந்து, "என்னாலதான்" என்றாள்.

"நீ ஐஸ் கொண்டு வரலைன்னா மத்தியானமே எல்லாம் போயிருக்கும்" என்றேன். அது பாதி உண்மை. பாட்டிலில் போட்ட ஐஸ்தான் சாயங்காலம்வரை தாங்கியது.

மஃரிபு தொழுதுவிட்டு மாமியின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அனுமதி கேட்கும் தொனியில் தொடங்கினால் அவர் வேண்டாம் என்றுதான் சொல்ல முடியும். அதனால் கேட்கவில்லை.

"நாளைக்குக் காலையில ஜன்னலைத் தெறக்கப் போறேன் மாமி."

வெளியே டீக்கடையில் கண்ணாடித் தம்ளர் கழுவும் சத்தம் வந்தது.

"தெருவுல ஆளு இருப்பாகளே."

"அந்த விரிப்பை நனைச்சுக் குறுக்கால கட்டிர்றேன். காத்து வரும், ஆளு தெரியாது. இன்வெர்ட்டருக்கு ஆள் வரச் சொல்லிருவோம். நான் உள் ரூம்ல இருந்துக்குறேன். இனிமே வியாழக்கிழமையும் தொட்டியை மூட வேணாம்."

மாமி தஸ்பீஹை உருட்டினார். பிறகு சொன்னார்: "வெறுந்துணி காத்துல தூக்கும். எட்டிப் பாக்குறவனுக்கு நல்லாத் தெரியும். கட்டுலுக்கு அடியில பெட்டி இருக்கு பாரு, அதுல ஒங்க மாமாவோட பழைய வீச்சுவலை கெடக்கு. வலையில கட்டுற ஈயக்குண்டைக் கழட்டிக் கொண்டா."

கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரிப்பின் கீழ்ஓரத்தை மடித்து, சாண் இடைவெளியில் ஒவ்வொரு குண்டாக வைத்துத் தைத்தார். நடுவில் ஒருமுறை நிறுத்தி, "எம் மவன் இருந்திருந்தா இன்னிக்கு ஒண்ணும் செத்திருக்காது" என்றார். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன்.

மறுநாள், வெள்ளிக்கிழமை. சுபுஹு தொழுததும், டீ போடுவதற்கு முன், தொட்டியைப் பார்ப்பதற்கும் முன், விரிப்பை வாளியில் நனைத்துப் பிழிந்தேன். ஜன்னலின் இரு பக்க ஆணிகளிலும் அதை இழுத்துக் கட்டினேன். ஈயக்குண்டுகள் கீழே வரிசையாகத் தொங்கின. பிறகு துணிக்குப் பின்னால் கையை விட்டுத் தாழ்ப்பாளை இழுத்தேன். அது அசையவில்லை. கடல்காற்றில் உண்மையாகவே துருப் பிடித்திருந்தது. அடுப்படிக்குப் போய்த் தேங்காயெண்ணெய் எடுத்து வந்து, நான்கு சொட்டு விட்டு, ஊறட்டும் என்று நின்று, மறுபடி இழுத்தேன். வந்தது.